கியோட்டோவில் ஒரு மாலை நடை: வழிகாட்டியோடு கியோன் தெருக்களைப் பார்ப்பது எப்படி?

கியோட்டோவுக்குப் போகிறவர்கள் பகல் முழுக்கக் கோயில் கோயிலாக ஏறி இறங்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். காரணம் புரிகிறது. பெரும்பாலான கோயில்கள் மாலை நாலரை, ஐந்து மணிக்கே நடை சாத்திவிடும். நிஷிகி சந்தையில் ஆறு மணிக்குள் பல கடைகளின் கதவுகள் இறங்கிவிடும். ஆனால் கமோ ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் கியோன் பேட்டைக்கு அதுதான் பொழுது விடியும் நேரம். 794 முதல் 1868 வரை தலைநகராக இருந்த ஊரின் பழைய வாழ்க்கை இன்னும் புழக்கத்தில் இருப்பதைப் பார்க்க, இந்தப் பேட்டையின் மாலைப் பொழுதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

சிக்கல் என்னவென்றால், கியோனில் பார்க்க வேண்டியதெல்லாம் மூடிய கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறது. தனியாகப் போனால் அழகான மரவீடுகள் வரிசையாக நிற்கும், அவ்வளவுதான் தெரியும். அந்தக் கதவுகளின் மேல் எழுதியிருப்பதையும், தொங்குவதையும், கூரையில் உட்கார்ந்திருப்பதையும் படித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். மாலை நடைக்குக் காசு கொடுப்பது அதற்காகத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு முடிவும் எளிதாகிவிடும்.

1. மாதத்தைப் பார்த்து நேரத்தை முடிவு செய்யுங்கள்

ஜூன் நடுவில் கியோட்டோவில் சூரியன் மறைய ஏழேகால் ஆகிவிடும். டிசம்பர் தொடக்கத்தில் நாலே முக்காலுக்கே இருட்டிவிடும். ஆகவே “ஆறு மணி நடை” என்று விளம்பரத்தில் இருந்தால், அது கோடையில் பகல் நடை, குளிர்காலத்தில் முழு இரவு நடை. நான் பரிந்துரைப்பது, வெளிச்சம் இருக்கும்போது கிளம்பி விளக்கு ஏற்றியபின் முடியும் நடை. மரச்சட்டங்களின் வேலைப்பாடு பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். உள்ளே விளக்கு எரியும்போதுதான் அதே சட்டங்கள் எதற்காக என்று புரியும். இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. கெய்கோக்களும் மைக்கோக்களும் விருந்துகளுக்குக் கிளம்புவது ஏறக்குறைய மாலை ஐந்தரையிலிருந்து ஆறு மணி வரை. கெய்கோ என்பது, விருந்துகளில் ஆடிப் பாடும் கலைஞரான கெய்ஷாவுக்குக் கியோட்டோக்காரர்கள் சொல்லும் பெயர். மைக்கோ என்றால் பயிற்சியில் இருக்கும் இளம்பெண். எட்டு மணிக்குத் தொடங்கும் நடையில் அவர்கள் எதிர்ப்படும் வாய்ப்பு குறைவு. ஆனால் தெரு அமைதியாக இருக்கும், வழிகாட்டி நின்று நிதானமாகப் பேசுவார். எனக்கு அந்த நேரமும் பிடிக்கும்.

பருவம் பற்றிச் சுருக்கமாக: ஏப்ரலும் நவம்பரும் அழகு, கூட்டமும் அதற்கேற்ப. ஜூன், ஜூலை முற்பாதி மழைக்காலம். நனைந்த கல்தெருவில் விளக்கொளி விழுவதைப் பார்க்க நான் குடையோடு போகத் தயார். மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இருப்பதால் ஜனவரி, பிப்ரவரியில் தரையிலிருந்து குளிர் ஏறும். அதைக் கியோட்டோக்காரர்கள் “சோகோபியே”, அடிக்குளிர், என்பார்கள். ஜூலை 14 முதல் 16 வரை கியோன் திருவிழாவின் முன்னிரவுகள். ஆகஸ்ட் 16 அன்று இரவு எட்டு மணிக்கு மலைகளில் ஐந்து பெருந்தீ ஏற்றி முன்னோரை வழியனுப்புவார்கள். அந்த நாட்களில் நடைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதீர்கள். கூட்டத்தில் வழிகாட்டியின் குரலே காதில் விழாது.

2. எந்தப் பேட்டை என்று தேர்ந்தெடுங்கள்

கியோட்டோவில் கெய்கோக்கள் தொழில் செய்யும் பேட்டைகள் ஐந்து: கியோன் கோபு, கியோன் ஹிகாஷி, மியாகவாச்சோ, போன்தோச்சோ, கமிஷிச்சிகென். முதல்முறை போகிறவர்களுக்குக் கியோன் கோபுதான் சரி. நடக்கும் தூரத்துக்குள் ஓடை, கோயில், நாடக அரங்கு, பழைய விருந்து வீடுகள் எல்லாம் இருக்கின்றன. ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் போன்தோச்சோ ஒரே ஒரு ஒடுக்கமான சந்து. சாப்பாட்டோடு சேர்ந்த நடை வேண்டுமென்றால் அது நல்லது. மே மாதம் தொடங்கி வெயில் காலம் முழுக்க அங்குள்ள உணவகங்கள் ஆற்றின் மேல் மரமேடை போட்டுப் பந்தி விரிக்கும். “யூகா” என்று பெயர்.

ஃபுஷிமி இனாரியின் சிவப்பு வாயில்களுக்கு இரவு நடை அழைத்துப் போகிறவர்களும் உண்டு. அந்தக் கோயில் இரவு முழுக்கத் திறந்திருக்கும். நல்ல அனுபவம்தான், ஆனால் அது மலையேற்றம். இந்தக் கட்டுரை தெருக்களைப் பற்றியது.

3. வழிகாட்டியைத் தேர்ந்தெடுங்கள் (அவசரப்படக் கூடாத இடம் இது)

என் முதல் கியோன் நடை மனத்தை வருத்திய நடை. இருபதுக்கும் மேற்பட்டவர்கள், கொடி பிடித்த ஒரு வழிகாட்டி. ஹனமிகோஜி தெருவில் ஒரு டாக்ஸி வந்து நின்றதும் அவர் “அதோ, அதோ!” என்று கைகாட்ட, கூட்டம் மொத்தமும் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. டாக்ஸியிலிருந்து இறங்கிய பெண்ணுக்குப் பதினாறு, பதினேழு வயதுதான் இருக்கும். தலையைக் குனிந்தபடி, எங்களுக்கு நடுவே வழி தேடி வேலைக்குப் போனாள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

இரண்டாவது முறை நாங்கள் ஆறு பேர். வழிகாட்டி வயதான ஓர் அம்மா. ஒரே ஒரு கதவின் முன் எங்களைப் பத்து நிமிடம் நிறுத்தினார். அன்றுதான் நான் கியோனைப் பார்த்தேன்.

ஆகவே முன்பதிவுக்கு முன் இவற்றைக் கேளுங்கள். ஒரு குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? பத்து, பன்னிரண்டைத் தாண்டினால் வேண்டாம். காதில் மாட்டும் ஒலிக்கருவி தருவார்களா? தந்தால் வழிகாட்டி மெல்லப் பேசினாலே போதும், வீடுகளுக்கும் தொந்தரவில்லை. மழை பெய்தால் நடை உண்டா? கட்டணத்தில் என்னென்ன அடங்கும்? வெறும் நடையென்றால் சில ஆயிரம் யென்னில் முடியும். சாப்பாட்டோடு என்றால் பத்தாயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். “கெய்ஷாவைக் கண்டிப்பாகக் காட்டுவோம்” என்று யாராவது உறுதி சொன்னால் அந்தப் பக்கத்தை அங்கேயே மூடிவிடுங்கள். ஓர் ஆள் வேலைக்கு நடந்து போவதைக் காட்சியாக விற்கிறார்கள் என்று அர்த்தம்.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானில் 1949 முதல் அரசுத் தேர்வு எழுதித் தேறிய மொழிபெயர்ப்பு வழிகாட்டிகள் இருக்கிறார்கள். 2018 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தியபின், தேர்வு எழுதாதவர்களும் கட்டணம் வாங்கி வழிகாட்டலாம்; ஆனால் “தேசிய உரிமம் பெற்றவர்” என்று சொல்லிக்கொள்ள முடியாது. உரிமம் இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், முந்தைய பயணிகளின் கருத்துகளில் “மைக்கோவைப் பார்த்தோம்” என்பதைத் தாண்டி, வழிகாட்டி என்ன விளக்கினார் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்பது. அதைத் தேடிப் படியுங்கள்.

4. கிளம்பும் முன்

எளிதாக நடக்கக்கூடிய, தட்டையான செருப்பு அல்லது ஷூ. பாதை கல் பாவியது. மொத்த தூரம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் நின்று நின்று நடப்பதால் கால் வலிக்கும். தெருவில் குப்பைத்தொட்டி தேடினால் கிடைக்காது. ஒரு சிறு பை வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ரொக்கம் அவசியம். பேருந்தை நம்பாதீர்கள், மாலையில் நெரிசல் கடுமை. கெய்ஹான் ரயிலில் கியோன்-ஷிஜோ நிலையத்தில் இறங்கினால் நடை தொடங்கும் இடத்துக்கே வந்துவிடலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் நடைக்கு முன்பே சாப்பிட்டுவிடுவது நல்லது. ஜப்பானியச் சமையலின் அடிநாதமான “தாஷி” சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன்சீவலில் எடுப்பது. காய்கறி மட்டும் போட்ட குழம்பிலும், வெறும் டோஃபுவிலும்கூட அது இருக்கும். “மீன் வேண்டாம்” என்றால் மீன்துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றில் கொடுத்துவிடுவார்கள். ஏமாற்ற வேண்டும் என்றல்ல, சாற்றை மீனாக அவர்கள் நினைப்பதே இல்லை. “காட்சுவோ தாஷியும் வேண்டாம்” என்று முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். புத்த மடங்களின் “ஷோஜின்” சமையலில் கடற்பாசியிலும் காளானிலும் சாறு எடுப்பார்கள். அது கிடைக்கும் இடங்கள் பெரும்பாலும் மதியத்தோடு முடிந்துவிடும்.

5. நடை: எங்கே நின்று எதைப் பார்ப்பது

ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வழி வைத்திருக்கும். நான் விரும்பும் வரிசை இது.

*ஷிஜோ பாலத்தின் கிழக்கு முனை.* கையில் விசிறியும் தோளில் வாளும் வைத்த ஒரு பெண்ணின் சிலை. இசுமோ நோ ஒகுனி. 1603ஆம் ஆண்டு வாக்கில் இந்த ஆற்றுப் படுகையில் அவர் ஆடிய ஆட்டத்திலிருந்துதான் கபுகி என்ற நாடகக் கலை பிறந்தது. எதிரே நிற்பது மினாமிசா கபுகி அரங்கு. பெண் தொடங்கிய கலையில் பின்னாளில் பெண்களே மேடையேறக் கூடாது என்று அரசு தடுத்தது. இன்றும் கபுகியில் பெண் வேடம் ஆண்களுக்குத்தான். நடை தொடங்கும்போதே இந்தக் கதையைச் சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் உங்களுக்கு நல்ல மாலை அமைந்துவிட்டது.

*ஷின்பாஷி, ஷிராகவா ஓடை.* இங்கே அவசரப்படாதீர்கள். 1976இல் அரசு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்த தெரு இது. ஓடையின் ஒரு கரையில் மட்டும் வீடுகள் நீரை ஒட்டி நிற்கும். மறுகரை திறந்த பாதை. முன்பு அங்கேயும் வீடுகள் இருந்தன. 1945இல் குண்டுவீச்சுத் தீ பரவாமல் இருக்க இடைவெளி வேண்டும் என்று அவற்றை இடித்துவிட்டார்கள். அப்படி இடிந்த ஒரு விருந்து வீட்டின் இடத்தில் கவிஞர் யோஷீ இசாமுவின் கவிதை பொறித்த கல் நிற்கிறது. தலையணைக்கு அடியில் தண்ணீர் ஓடுவதைப் பற்றிய கவிதை. வீடுகள் ஓடையின் மேலேயே நீட்டிக் கட்டியிருந்ததால் அது வெறும் கற்பனையல்ல. ஆண்டுதோறும் நவம்பர் 8 அன்று கெய்கோக்களும் மைக்கோக்களும் அந்தக் கல்லுக்குச் செவ்வந்திப் பூ வைக்கிறார்கள்.

இங்கேயே ஒரு வீட்டின் முன் நின்று மேலிருந்து கீழாகப் பாருங்கள். கூரை விளிம்பில், வாசலுக்கு நேர் மேலே, ஒரு சாண் உயர ஓட்டுப் பொம்மை: தாடியும் முறைத்த கண்ணுமாக, கையில் வாள். பேய் ஓட்டும் ஷோகி. அதற்கு ஒரு கதை உண்டு. எதிர்வீட்டுக் கூரையில் பேய்முகம் பதித்த ஓடு வைத்தார்களாம். அது விரட்டிய தீமையெல்லாம் இந்தப் பக்கம் வந்து வீட்டுப் பெண்மணி நோயில் விழுந்தாராம். ஷோகியை வைத்ததும் குணமானாராம். கொஞ்சம் கீழே, நிலைப்படிக்கு மேல், மூங்கில் இலையில் சுற்றிய ஒரு கட்டு தொங்கும். பார்த்தால் பலகாரம் போல இருக்கும், ஆனால் காப்பு அது. “சிமாக்கி”. ஜூலை திருவிழாவில் வாங்கி அடுத்த ஜூலை வரை மாட்டுவார்கள். அதன் சீட்டில் “சோமின் ஷோராயின் வழிவந்தவன் நான்” என்று எழுதியிருக்கும். ஏழ்மையிலும் வழிப்போக்கனாக வந்த தெய்வத்துக்கு இடம் கொடுத்தவர் அவர். அதற்கு நன்றியாக, அவர் சந்ததியைக் கொள்ளைநோய் தொடாது என்று தெய்வம் வாக்குக் கொடுத்தது.

கதவின் பக்கத்தில் சிறு மரப்பலகைகள் வரிசையாக இருக்கலாம். அந்த வீட்டைச் சேர்ந்த கெய்கோ, மைக்கோக்களின் பெயர்கள். ஜன்னலில் மரச்சட்டம்: உள்ளிருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவில் நிற்பவருக்கு உள்ளே தெரியாது, இரவில் விளக்கேற்றினால் கோடுகோடாக வெளிச்சம் மட்டும் வெளியே வரும். சுவரின் அடியில் வளைந்த மூங்கில் தடுப்பு, “இனுயராய்”, அதாவது நாய்விரட்டி. மழைச்சேறு தெறிப்பதையும் தடுக்கும். அந்த அம்மா எங்களைப் பத்து நிமிடம் நிறுத்தியது இவ்வளவையும் சொல்லத்தான்.

ஓடைக்கரையில் தத்சுமி என்ற சின்னஞ்சிறு கோயில். ஆட்டத்திலும் இசையிலும் தேர்ச்சி வேண்டும் என்று கலைஞர்கள் கும்பிடும் இடம்.

*ஹனமிகோஜி.* ஷிஜோ சாலையைக் கடந்து தெற்கே. முனையில் செம்மண் நிறச் சுவரோடு நிற்பது இச்சிரிகி. எஜமானின் சாவுக்குப் பழிதீர்த்த நாற்பத்தேழு சாமுராய்களின் தலைவர் ஓயிஷி, தன் திட்டத்தை மறைக்கக் குடித்துக் கூத்தடிப்பவர்போல நடித்தார் என்ற கதையோடு சேர்ந்த வீடு. இது ஓர் “ஓச்சாயா”. நேர்ப்பொருள் தேநீர் வீடு. ஆனால் கெய்கோக்களை வரவழைத்து விருந்து நடத்தும் வீடு என்பதே உண்மைப் பொருள். புதியவர்கள் கதவைத் தட்டினால் மறுத்துவிடுவார்கள். இதைத் திமிர் என்று நினைக்காதீர்கள். விருந்தாளி அங்கே பணம் எடுப்பதே இல்லை. சாப்பாடு, கலைஞர்களின் கட்டணம், வீடு திரும்பும் டாக்ஸி எல்லாவற்றையும் அந்த வீடே முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு கணக்கு அனுப்பும். தெரியாத ஆளுக்கு அப்படிக் கடன் கொடுக்க முடியாது. தெரிந்தவர் அழைத்து வந்தால், அவரே ஜாமீன்.

தெரு ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது என்று தோன்றும். மின்கம்பிகள் மண்ணுக்குள் போய்விட்டன. 2007இல் கொண்டுவந்த விதிப்படி நகரம் முழுவதும் மொட்டைமாடி விளம்பரங்களுக்கும் மினுக்கும் விளக்குகளுக்கும் தடை. இந்த இருட்டை ஊர் பிடிவாதமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

மைக்கோ யாராவது எதிர்ப்பட்டால் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுங்கள். நின்ற இடத்திலிருந்தே நிறையத் தெரியும். முதுகில் ஏறக்குறைய கணுக்கால் வரை தொங்கும் இடைக்கச்சை. ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். உயரமான மரச்செருப்பு “ஒகோபோ”. “கொப், கொப்” என்ற சத்தமே அதன் பெயர் என்பார்கள். கூந்தல் அவளுடையதே, கெய்கோ ஆனபின்தான் விக். கொண்டையில் அந்த மாதத்துப் பூ. கீழுதட்டில் மட்டும் சிவப்பு பூசியிருந்தால் முதல் வருட மைக்கோ. கழுத்துப் பட்டை சிவப்பிலிருந்து முழு வெள்ளைக்கு மாறும் நாளில் அவள் கெய்கோ. பட்டப்பகலில் நிதானமாக நின்று படத்துக்குச் சிரிப்பவர்கள் பெரும்பாலும் வாடகைக்கு வேடம் போட்ட சுற்றுலாப் பயணிகள். வேலைக்குப் போகிறவள் வேகமாக நடப்பாள்.

*யாசகா கோயில்.* ஹனமிகோஜியின் தென்கோடியில் கென்னின்ஜி கோயில் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, கிழக்கே நடந்தால் யாசகா. இரவு முழுக்கத் திறந்திருக்கும். நடுவிலுள்ள ஆட்டமேடையைச் சுற்றி நூற்றுக்கணக்கான காகித விளக்குகள். ஒவ்வொன்றிலும் கொடையளித்த உணவகம் அல்லது ஓச்சாயாவின் பெயர். இப்போது வழியில் பார்த்த பெயர்களைத் தேடிப் பாருங்கள், சில கிடைக்கும்.

இங்கே நமக்கு நெருக்கமான ஒரு செய்தி இருக்கிறது. “கியோன்” என்ற பெயரே ஜேதவனம்தான். ஜேத இளவரசனின் தோட்டத்தை அனாதபிண்டிகர் விலைக்கு வாங்கிப் புத்தருக்குக் கொடுத்த அந்த மடத்தை ஜப்பானியர் “கியோன் ஷோஜா” என்றார்கள். அந்த மடத்தைக் காக்கும் தெய்வத்தை இங்கே வழிபட்டதால் கோயிலுக்கும் பேட்டைக்கும் அந்தப் பெயர். அனுராதபுரத்தின் ஜேதவனாராமயவும் அதே பெயர்தான். 1868இல் புத்தத்தையும் ஷிந்தோவையும் அரசு பிரித்தபோது கோயிலின் பெயர் யாசகா என்று மாறியது. பேட்டை பழைய பெயரை விடவில்லை. 869இல் கொள்ளைநோய் தணிய நடத்திய சடங்குதான் கியோன் திருவிழாவின் தொடக்கம். அதன் ரதங்களை அலங்கரிக்கும் பழைய துணிகளில் இந்தியாவிலிருந்து போன கம்பளங்களும் அச்சுத்துணிகளும் உண்டு. ஜப்பானில் ஒருவகைக் கோடுபோட்ட பருத்திக்கு இன்றும் “சந்தோமே” என்று பெயர். மயிலாப்பூர் சாந்தோமின் பெயர் அது. வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், துணி தெரிந்தவர் என்றால் முகம் மலரும்.

6. மீறக் கூடாதவை

கியோன் கோபுவின் தென்பகுதியில் பல சந்துகள் தனியார் வழி. 2019இல் அங்கே படம் எடுக்கக் கூடாது, எடுத்தால் 10,000 யென் என்று பலகை வைத்தார்கள். மைக்கோக்களின் கிமோனோவைப் பிடித்து இழுக்கும் அளவுக்குத் தொல்லை போனதால், 2024இல் அந்தச் சந்துகளில் நுழைவதையே தடுத்தார்கள். ஹனமிகோஜி பொதுத்தெரு, அங்கே நடக்கலாம். வழிகாட்டியே தடைப்பலகையைத் தாண்டி அழைத்தாலும் போகாதீர்கள். வேலிமேல் சாயாதீர்கள், மூங்கில் தடுப்பில் உட்காராதீர்கள், விளக்குகளைத் தொடாதீர்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

7. ஆட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டால்

தெருவில் துரத்துவதற்குப் பதில் அரங்கில் உட்காருங்கள். தலைநகர் டோக்கியோவுக்குப் போனபின் களையிழந்த ஊரைத் தூக்கி நிறுத்த 1872இல் தொடங்கிய “மியாகோ ஓதோரி” ஏப்ரல் மாதம் நடக்கும். மேடை நிறைய மைக்கோக்களும் கெய்கோக்களும் ஆடுவார்கள். மே மாதம் போன்தோச்சோவில் “கமோகவா ஓதோரி”. மற்ற மாதங்களில், ஹனமிகோஜியின் கோடியில் இருக்கும் கியோன் கார்னரின் சிறு நிகழ்ச்சியில் மைக்கோ ஆட்டமும் உண்டு. நாள், நேரம் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். உணவோடு மைக்கோவைச் சந்திக்கும் நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. அங்கே படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுக்கலாம், அவர்களோடு பேசலாம்.

8. நடை முடிந்தபின்

வழிகாட்டிக்குக் கையில் பணம் திணிப்பது இங்கே வழக்கமில்லை. “இலவச நடை” என்று அழைத்தவர்களுக்கு மட்டும், அவர்கள் எதிர்பார்ப்பது அதுதான் என்பதால், கொடுத்துவிடுங்கள். பிறகு இசகாயா என்னும் ஜப்பானிய மதுக்கடையில் உட்கார்ந்தால், கேட்காமலே ஒரு சிறு கிண்ணத்தில் ஏதாவது வரும். அது “ஓதோஷி”, பில்லில் சேரும். திருப்பி அனுப்பிச் சண்டை போட வேண்டாம், இருக்கைக் கட்டணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரயில்கள் நள்ளிரவோடு நின்றுவிடும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹனமிகோஜிக்கே திரும்பி வாருங்கள். நேற்று வாசலோடு நின்ற கென்னின்ஜி திறந்திருக்கும். சீனாவிலிருந்து தேயிலை விதை கொண்டுவந்த துறவி எய்சாய் 1202இல் நிறுவியது, கியோட்டோவின் மிகப் பழைய ஜென் கோயில். அதன் தர்ம மண்டபத்தில் ஒரு தூணோரம் நின்று அண்ணாந்து பாருங்கள். கோயிலின் எண்ணூறாம் ஆண்டுக்காக 2002இல் கொய்சுமி ஜுன்சாகு வரைந்த இரண்டு டிராகன்கள் கூரை முழுக்கப் புரளும். அங்கே படம் எடுக்கத் தடையில்லை.